டிரையேஜ், அசெஸ்மென்ட், சர்வே: கையேட்டுக்குச் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேருகிறவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். எலும்புகள், கட்டுகள், தீக்காயம் எல்லாம் ஒருவழியாக முடிந்தன. நோயாளியின் நிலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அத்தியாயத்தில்தான் நான்கு நாளாக நிற்கிறேன்.

அசெஸ்மென்ட் என்பதற்கு 'மதிப்பீடு' என்று போட்டேன். உயிருக்கு ஆபத்தானது எது என்று முதலில் விரைந்து பார்க்கிற பிரைமரி சர்வே என்பதற்கு அகராதிகளைத் தேடினால் 'முதன்மை அளவாய்வு' கிடைக்கிறது. நிலம் அளக்கிற நினைவுதான் வருகிறது. பலர் காயப்பட்ட இடத்தில் யாருக்கு முதல் சிகிச்சை என்று தீர்மானிக்கிற டிரையேஜுக்கு 'வகைப்படுத்தல்' என்று எழுதிவிட்டு எனக்கே மனசு ஒப்பவில்லை. நூலகத்தில் புத்தகங்களையும் வகைப்படுத்துகிறோம். அங்கே யாருடைய உயிரும் காத்திருக்கவில்லை. கூப்பிட்டாலோ தொட்டாலோ விடை தருகிறவர் ரெஸ்பான்சிவ், தராதவர் அன்ரெஸ்பான்சிவ். இரண்டுக்கும் வெற்றிடம் விட்டிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகத்தைப் படிக்கப்போகிறவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். ஒருமுறை படித்ததும் கை செய்யத் தொடங்க வேண்டும். அதற்கேற்ற சொல்லாகத் தாருங்கள்.

தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:

தம்பி, வணக்கம். அசெஸ்மென்டுக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: 'நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்'. ஒரே குறளில் மூன்று நாடல். நாடுதல் என்றால் வெறுமனே தேடுவது அல்ல, ஆராய்ந்து தேடுவது. ஆகவே 'நோயாளி நாடல்' என்றோ, சுருக்கமாக 'நாடல்' என்றோ எழுதுங்கள். முதல் நாடல், இரண்டாம் நாடல், மறுநாடல் என்று அதிலிருந்து எத்தனை கிளை வேண்டுமானாலும் விரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மணிக்கட்டில் தொட்டுப் பார்க்கிறோமே, அதுவும் நாடிதான். நோயை நாடுவதற்கு உதவுவதால் நாடி என்று பெயர் பெற்றது என்பது என் நெடுநாள் துணிபு. வினையெச்சமாக நிற்கும் நாடியும் பெயராக நிற்கும் நாடியும் ஒரு வேரில் பிறந்தவை. இதைப் பற்றித் தனியாக விரித்து எழுத எண்ணியிருக்கிறேன்.

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். நாடித்துடிப்பில் வரும் நாடி குழாய் என்ற பொருளுள்ள வடசொல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் அப்படித்தான் காட்டுகிறது. ஒலி ஒன்றாக இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. நாடலை நான் எதிர்க்கவில்லை. நல்ல தமிழ்ச் சொல். ஆனால் 'நாடி பார்த்து நாடுக' என்று கையேட்டில் ஒரு வரி வந்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

டிரையேஜுக்கு என் வாக்கு 'தெரிவு'. அது பிறந்த பிரெஞ்சு வினைக்குப் பொருளே பிரித்துத் தெரிதல்தான். மருத்துவத்துக்கு வருவதற்கு முன் கம்பளி மயிரைத் தரம் பிரிப்பதற்கு அந்தச் சொல் வழங்கியது. நமக்கும் தெரிதல் என்றால் பலவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பது என்ற பொருள் பழையதே. திருக்குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் கம்பளியிலிருந்து எடுத்த பொருளை நாம் குறளிலிருந்து எடுக்கலாம்.

அவசர சிகிச்சை மருத்துவர் எழுதியது:

நண்பர்களே, நாடல் பற்றி ஒரு சந்தேகம். சொல் அழகாக இருக்கிறது. ஆனால் குறளில் வருவது டயக்னோசிஸ், அதாவது நோயறிதல். நோய் என்ன, அதன் காரணம் என்ன, எதனால் தீரும் என்ற வரிசை அது. அவசர சிகிச்சையில் அந்த வரிசையே தலைகீழ்.

ஒருவர் மூச்சுத் திணறிக் கிடக்கிறார். ஏன் திணறுகிறார் என்று நாடிக்கொண்டிருக்க நேரமில்லை. நாக்கு பின்னால் சரிந்து அடைத்திருக்கலாம், வாந்தி அடைத்திருக்கலாம், பல் உடைந்து சிக்கியிருக்கலாம். எதுவானாலும் வழியைத் திறந்தாக வேண்டும். நோயின் பெயர் தெரியாமலே உயிரைக் காப்பாற்றுவதுதான் இந்த முறையின் உயிர்நாடி. மூச்சுவழி, மூச்சு, இரத்த ஓட்டம், மூளையின் நிலை, பிறகு உடம்பைத் திறந்து பார்ப்பது என்று ஐந்து படி. முதல் படியில் பழுது கண்டால் அதைச் சரிசெய்யாமல் இரண்டாம் படிக்குப் போகக்கூடாது. இரத்தம் பீறிட்டு அடித்தால் மட்டும் அதை நிறுத்துவது மூச்சுவழிக்கும் முன்னால் வரும்.

இங்கே பார்ப்பதும் செய்வதும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. முழுக்க நாடி முடித்துவிட்டு அப்புறம் செயல் என்றால் ஆள் பிழைக்க மாட்டார். ஆகவே நாடலை நோயறிதலுக்கு வைத்துக்கொள்வோம். இதற்கு வேறு சொல் வேண்டும்.

மதிப்பீடு எனக்குச் சம்மதம். ஆள் எவ்வளவு உணர்வோடு இருக்கிறார் என்று அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் உண்மையிலேயே மதிப்பெண்தான் போடுகிறோம். 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் வகுத்தது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, கூட்டினால் 15. எதற்கும் அசையாதவருக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பெண் உண்டு என்பதால் கீழ் எல்லை 3. பூஜ்யம் கிடையாது. 8க்குக் கீழே வந்துவிட்டாலோ 8இலேயே நின்றாலோ மூளைக்காயம் கடுமையானது என்று கொள்வோம்.

பேராசிரியர் எழுதியது:

டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'வாய்ப்பச் செயல்' என்று வள்ளுவர் செயலையும் சேர்த்துத்தானே முடிக்கிறார்? நாடலுக்குள் செயல் அடங்காது என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்கிறோம். நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்று எட்டு. அங்கே 'தேர்வு' என்ற சொல் அழகாக நிற்கிறது. நாடல் வேண்டாமென்றால் தேர்வையாவது எண்ணிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, தேர்வு என்றால் எங்கள் வாசகர்களுக்குப் பரீட்சைதான். 'நோயாளித் தேர்வு' என்று தலைப்பு வைத்தால் நோயாளியைத் தேர்ந்தெடுப்பதா, அவருக்குப் பரீட்சை வைப்பதா என்று குழம்புவார்கள்.

பயிற்சி தரும் செவிலியர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுவில் எப்போதாவதுதான் எழுதுவேன். பல வருஷமாக இதே பாடத்தை நடத்துகிறவள் என்பதால் இரண்டு அனுபவம் சொல்கிறேன்.

ஒரு தேர்வுத்தாளில், உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத ஷாக் நிலைக்கு 'அதிர்ச்சி' என்று அச்சிட்டிருந்தார்கள். 'அதிர்ச்சியில் இருக்கும் நோயாளிக்கு என்ன செய்வீர்கள்' என்பது கேள்வி. பாதிப்பேருக்கும் மேல் எழுதிய பதில்: பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர்கள் மேல் தப்பில்லை. அதிர்ச்சி என்றால் தமிழில் அதுதான். உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கிற ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நினைத்து அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது, 'நினைவு'. 'நினைவு இருக்கிறதா என்று பார்' என்று சொல்லிக்கொடுத்தேன். நன்றாகப் படிக்கிற ஒரு மாணவி கீழே கிடந்த ஆளாக நடித்தவரிடம் போய், 'காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நினைவு இருக்கிறதா' என்று கேட்டாள். அவர் கண்ணே திறக்கவில்லை. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அன்றிலிருந்து அந்தச் சொல்லை வகுப்பில் தனியாகச் சொல்வதில்லை. கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, தோளைத் தட்டினால் அசைகிறாரா, அழுத்தினால் வலிக்கு முகம் சுளிக்கிறாரா என்று நீட்டித்தான் சொல்கிறேன்.

அப்புறம் ஒன்று. நீங்கள் எல்லோரும் பெயர்ச்சொல் தேடுகிறீர்கள். வார்டிலும் வகுப்பிலும் எங்களுக்கு ஒரே ஒரு சொல்தான்: பார். மூச்சு பார். நாடி பார். பிபி பார். அந்த பெட்டில் இருப்பவரை முதலில் பார். பெரிய டாக்டர் முதல் ஆயாம்மா வரைக்கும் இந்தச் சொல்லில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பிரைமரி சர்வேயை நான் 'முதல் பார்வை' என்றே நடத்துகிறேன். தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்ப்பது 'இரண்டாம் பார்வை'.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சிஸ்டர், மிக்க நன்றி. 'முதல் பார்வை' என்று படித்ததும் அகராதியை மூடி வைத்தேன். சர்வே என்ற சொல்லையே பிரித்தால் பழைய பிரெஞ்சில் மேலாகப் பார்ப்பது என்றுதான் வருகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மேற்பார்வை. அது நமக்குக் கண்காணிப்பு ஆகிவிட்டதால் பயன்படாது. முதற்பார்வை, இரண்டாம் பார்வை இரண்டும் கச்சிதமாக உட்காருகின்றன. நண்பர்கள் கருத்து?

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

சிஸ்டர் சொன்ன அனுபவங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இருந்தும் முதற்பார்வையில் எனக்குத் தடை இருக்கிறது. பார்வை கண்ணின் தொழில். முதற்பார்வையில் காது வைத்து மூச்சு கேட்கிறோம், கன்னத்தில் காற்றை உணர்கிறோம், விரலால் நாடியைத் தொடுகிறோம். ஒரு புலனின் பெயரை ஐந்துக்கும் வைப்பது கலைச்சொல்லுக்கு உரிய துல்லியம் ஆகாது. தவிர, 'முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது' என்று மேலோட்டமாகப் பார்ப்பதற்கும் அதே தொடர் வழங்குகிறது.

பேராசிரியர் எழுதியது:

இந்த இடத்தில் நான் செவிலியர் அம்மா பக்கம். பார்த்தல் கண்ணோடு நிற்கும் வினை என்று யார் சொன்னது? சுவைத்துப் பார் என்கிறோம். அங்கே நாக்கு பார்க்கிறது. முகர்ந்து பார், தொட்டுப் பார், கேட்டுப் பார் என்கிறோம். ஐம்புலனுக்கும் பின்னால் வந்து நிற்கிற துணைவினை அது ஒன்றுதான். 'கண்டு' என்பதை வைத்து இப்படிச் சொல்ல முடியாது. சுவைத்துக் கண்டான் என்றால் பொருள் வேறாகிவிடும். வைத்தியம் பார்த்தல், கணக்குப் பார்த்தல், நாள் பார்த்தல் என்று அறிவுத்தொழில் அனைத்தையும் தமிழன் பார்த்தலில்தான் வைத்திருக்கிறான்.

பார் என்பதிலிருந்து பெயர் ஆக்குவதில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். காப்பு, சேர்ப்பு போல இதற்கும் பார்ப்பு என்று ஆக்கினால் பழந்தமிழில் அது பறவைக் குஞ்சு. தொல்காப்பிய மரபியலில் 'பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற் றிளமை' என்று வருகிறது. குஞ்சு தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

ஐயா, பறவைக் குஞ்சைப் பிறகு பார்ப்போம். நீங்கள் சொல்லும் துணைவினைப் 'பார்' புலனைக் குறிப்பதில்லை, முயற்சியைக் குறிப்பது. நடந்து பார், எழுதிப் பார் என்றும் சொல்கிறோம். அங்கே எந்தப் புலன் பார்க்கிறது? செய்து அறிய முயல்வதுதான் அதன் பொருள்.

மருத்துவர் எழுதியது:

தெரிந்துகொள்வதற்காகச் செய்வது என்றால், ஐயா, அது எங்கள் வேலையின் வரையறை அல்லவா? கூப்பிட்டுப் பார்க்கிறோம், தட்டிப் பார்க்கிறோம், வலி கொடுத்துப் பார்க்கிறோம். நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்கிறதா என்று பார்க்கிறோம். நீங்கள் தடையாகச் சொன்னதே எனக்கு ஆதரவாகப் படுகிறது.

மேலோட்டம் என்ற பொருளைப் பற்றிய கவலை மட்டும் எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முதற்பார்வை என்று சேர்த்து எழுதி, வரையறையையும் ஐந்து படிகளையும் பெட்டிக்குள் போட்டுவிட்டால் அது தொழிற்சொல் ஆகிவிடும். நிலை மோசமாக இருக்கிறவரை 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், நிலையாக இருக்கிறவரை 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்கு 'மறுபார்வை'. மொத்த அத்தியாயத்தின் பெயர் வேண்டுமானால் 'நோயாளி மதிப்பீடு' என்றே இருக்கட்டும்.

ஷாக் பற்றிச் சிஸ்டர் சொன்னதை எல்லோரும் மனதில் வையுங்கள். அந்தச் சொல்லில் ஆள் போய்விடும். தமிழில் ஷாக் என்றே விட்டாலும் மின்சாரம் தாக்கியது என்றுதான் முதலில் புரியும். இது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராத நிலை.

இலங்கைத் தமிழர் ஒருவர் எழுதியது:

வணக்கம். நெடுநாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் கிறீன் ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். 'இரண வைத்தியம்' என்று சத்திரசிகிச்சை நூலே தமிழில் வந்தது. அந்த முன்னோடி வேலையை இந்த விவாதத்தில் ஒருவரும் நினைக்கவில்லை என்பதில் எனக்கு மனவருத்தம். அந்த நூல்களின் சொற்களைப் பார்த்தால், வடசொல்லோ தமிழோ, வாசிக்கிறவனுக்கு விளங்க வேண்டும் என்ற ஒரே நோக்கம் தெரியும்.

'தெரிவு' பற்றி: எங்களிடம் தேர்தலில் வென்றவரையும் 'தெரிவு செய்யப்பட்டார்' என்றுதான் எழுதுவோம். 'காயப்பட்டவர் தெரிவு' என்றால் காயப்பட்டவரை ஏதோ பதவிக்கு எடுத்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று: சைன், சிம்ப்டம் இரண்டையும் 'அறிகுறி' என்ற ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். எங்களிடம் 'குறிகுணம்' என்ற சொல் புழக்கத்தில் உண்டு. அதைப் பிரித்து, நாங்கள் கண்டுபிடிப்பது குறி, நோயாளி தானே உணர்ந்து சொல்வது குணம் என்று வைக்கலாம். தோல் வெளிறியிருப்பது குறி. தலை சுற்றுகிறது என்று அவர் சொல்வது குணம்.

செவிலியர் எழுதியது:

ஐயா, பிரித்துக் காட்டியது நன்றாக இருக்கிறது. ஆனால் 'நோயாளியின் குணம் என்ன' என்று கேட்டால், கோபக்காரரா சாந்தமானவரா என்று எழுதுவார்கள். 'குணமாகிவிட்டது' என்று வேறு சொல்கிறோம். குறிகுணம் என்று சேர்த்து எழுதினால் பரவாயில்லை. வகுப்பில் 'நாம் பார்ப்பது, அவர் சொல்வது' என்றே போதிக்கிறேன்.

ஷாக்குக்குப் பெயர் தாருங்கள். அது இல்லாமல் அந்தப் பக்கம் அச்சுக்குப் போகக்கூடாது.

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

'குருதியோட்டச் சரிவு' என்று வைக்கலாமா? குருதி பள்ளிப் பாடநூல்களில் பழகிய சொல்.

மருத்துவர் எழுதியது:

சரிவு என்றால் இரத்த அழுத்தம் சரிந்த பிறகுதான் ஷாக் என்று எண்ணிவிடுவார்கள். அதுதான் நாங்கள் அடித்துத் திருத்துகிற தவறு. அழுத்தம் விழுவதற்கு முன்பே தொடங்கிவிடும். நாடி வேகமாகும், தோல் குளிர்ந்து வியர்க்கும், ஆள் பதற்றப்படுவார். உடம்பு தன்னால் முடிந்தவரை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். முடியாத கட்டத்தில்தான் அழுத்தம் சரியும். 'இரத்த ஓட்டக் குறை' என்றால் எனக்கு ஒப்புதல். அழகாக இல்லை, ஆனால் தண்ணீர் கொடுக்கத் தோன்றாது.

பேராசிரியர் எழுதியது:

ஏற்கிறேன். ரெஸ்பான்சிவுக்கு ஒரு சொல் தருகிறேன், மறுக்காமல் எண்ணிப் பாருங்கள். உளவியல் நூல்களில் தூண்டல், துலங்கல் என்று ஓர் இணை நெடுங்காலமாக வழங்குகிறது. தூண்டினால் திரி துலங்குவது போல, உடல் விடையளிப்பது துலங்கல். 'துலங்கல் உண்டு', 'துலங்கல் இல்லை' என்று எழுதலாம். வெறுமனே விழிப்பாக இருப்பவர், குரலுக்குத் துலங்குபவர், வலிக்குத் துலங்குபவர், துலங்காதவர் என்று நாலு நிலையும் ஒழுங்காக நிற்கும்.

அதோடு, டாக்டர் சொன்ன ஐந்து படிகளை ஆங்கிலத்தில் ஏ, பி, சி, டி, ஈ என்று நினைவில் வைப்பதற்கு ஈடாக நம் நெடுங்கணக்கிலேயே ஒரு நினைவுக்கோவை அமைத்துப் பார்த்தேன். அடைப்பு, ஆவி, இரத்தம், உணர்வு, ஊறு. அ, ஆ, இ, உ, ஊ. ஈகாரம் மட்டும் அகப்படவில்லை. ஆவி என்பது மூச்சுக்குப் பழஞ்சொல். ஊறு என்பதற்குக் காயம் என்றும் பொருள். 'சுவையொளி ஊறோசை நாற்றம்' என்ற இடத்தில் தொடுபுலன் என்றும் பொருள். காயத்தைத் தொட்டு அறிகிற கடைசிப் படிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்குமா என்று இரவெல்லாம் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

செவிலியர் எழுதியது:

ஐயா, ஊறு பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் கட்டாயம் சொல்லுவேன், அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் 'ஆவி' வேண்டாம். நாங்கள் வேலை செய்யும்போது சொந்தக்காரர்கள் பக்கத்தில் நிற்பார்கள். 'ஆவி பார், ஆவி பார்' என்று ஒரு பிள்ளை சத்தமாகச் சொன்னால், கேட்கிற தாய்க்கு உயிர் போய்விட்டது என்றுதான் விழும். ஆவி பிரிந்தது என்பதைத்தான் ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள். எங்கள் சொற்களை நோயாளியின் வீட்டாரும் கேட்கிறார்கள் என்பதைச் சொல் ஆக்குகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

துலங்கல் எனக்குப் புதுசு. ஆனால் வேறெங்கும் குழப்பாத சொல். சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எழுத்துக்கோவையை விட்டுவிடுவோம். 'வழி, மூச்சு, ஓட்டம், உணர்வு, உடல்' என்று ஐந்து சொல்லையும் வரிசையாக ஓதவைப்பதே எளிது என்று படுகிறது. இனி டிரையேஜ் ஒன்றுதான் பாக்கி. நாளை மறுநாள் வெள்ளி.

மருத்துவர் எழுதியது:

டிரையேஜ் என்ன செய்கிறது என்று முதலில் வைத்துக்கொள்வோம். நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே, பதவியையோ நாட்டையோ பார்க்காமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்து யாருக்கு முதல் சிகிச்சை என்று தீர்மானித்தார். எதிரிப் படை வீரனானாலும் அதே விதி. அந்த அறத்தைச் சொல் சுமக்க வேண்டும்.

இன்றைக்குப் பரவலாக இருக்கிற ஸ்டார்ட் முறை 1983இல் கலிஃபோர்னியாவில் உருவானது. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிவு. நடக்க முடிகிறவர்களை ஒருபக்கம் வரச்சொல்லிப் பச்சை அட்டை. மூச்சு இல்லையென்றால் மூச்சுவழியைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் வரவில்லையென்றால் கருப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லையென்றால் சிவப்பு. கையை இறுக்கிப் பிடி என்ற எளிய சொல்லைச் செய்ய முடியாவிட்டாலும் சிவப்பு. மீதிப்பேர் மஞ்சள். இங்கே வகை முக்கியமில்லை. யார் முந்தி, யார் பிந்தி என்பதுதான் முக்கியம்.

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

தெரிவுக்குத் தேர்தல் நெடி இருப்பதை ஏற்கிறேன். அப்படியானால் 'தெரிந்துபிரித்தல்' என்று முழுதாக எழுதலாம். அல்லது 'கொழித்தல்'. அரிசியையும் குறுநொய்யையும் முறத்தில் பிரிப்பது கொழித்தல். கம்பளியிலிருந்து அவர்கள் எடுத்ததைப் போல.

செவிலியர் எழுதியது:

கொழித்தல் வேண்டவே வேண்டாம், தம்பி. கொழித்தால் நொய்யைத் தள்ளிவிடுகிறோம். கருப்பு அட்டை கட்டிய ஆளை நாங்கள் தள்ளுவதில்லை. சிவப்பு முடிந்ததும், கை ஓய்ந்ததும், திரும்பி அவரிடம்தான் போகிறோம். ஒருமுறை நானே கருப்பு அட்டை கட்டியிருக்கிறேன். அந்த ஆளின் முகம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். அவரை நொய் என்று என்னால் சொல்ல முடியாது.

இலங்கைத் தமிழர் எழுதியது:

அம்மா சொன்னதுக்குப் பிறகு 'பிரித்தல்' என்று முடியும் எந்தச் சொல்லும் எனக்கு உறுத்துகிறது. 'முந்துமுறை' என்று ஒன்று தோன்றுகிறது. முந்த வேண்டியவர் முந்தும் முறை. அதில் யாரும் தள்ளப்படுவதில்லை, பிந்துகிறார்கள், அவ்வளவுதான்.

பேராசிரியர் எழுதியது:

முந்துமுறை வினைத்தொகையாக நன்கு அமைகிறது. முந்திய முறை, முந்துகின்ற முறை, முந்தும் முறை என முக்காலத்துக்கும் விரியும். டிரையேஜ் என்று அப்படியே எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். டகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. 'வடவெழுத் தொரீஇ' என்ற தொல்காப்பிய விதிப்படி மாற்றினால் 'திரையேசு' ஆகும். அது திரைச்சீலையைத்தான் நினைவூட்டும்.

மருத்துவர் எழுதியது:

முந்துமுறை நன்றாக இருக்கிறது, ஆனால் வினையாக எப்படிச் சொல்வது? 'போய் டிரையேஜ் பண்ணு' என்பதற்கு? 'முந்துமுறை செய்' என்று ஓடுகிறபோது வாயில் வராது. 'முன்னுரிமை பார்' என்றால் எவரும் செய்வார்கள். முன்னுரிமை எல்லோருக்கும் தெரிந்த சொல், பார் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. 'முன்னுரிமைப் பார்வை' என்று பெயரும் ஆகும். முதற்பார்வையோடு ஓசையும் சேர்கிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வியாழன் இரவு பத்து மணி. கோப்பை மூடுகிறேன். நோயாளி மதிப்பீடு, முதற்பார்வை, இரண்டாம் பார்வை, மறுபார்வை, துலங்கல், இரத்த ஓட்டக் குறை, குறிகுணம் எல்லாம் உள்ளே போகின்றன. டிரையேஜுக்கு முன்னுரிமைப் பார்வையை ஆதரித்து நான்கு பேர், முந்துமுறைக்கு இருவர். தலைப்பில் முன்னுரிமைப் பார்வை. முதல் பத்தியில் 'பயிற்சியில் டிரையேஜ் என்று வழங்குவது' என்று ஒரு வரி. மருத்துவமனைக்குப் போனதும் அவர்கள் காதில் விழப்போவது அந்தச் சொல்தானே.

சிஸ்டருக்கு ஒரு வேண்டுகோள். கருப்பு அட்டைக்கு எதிரே 'இறந்தவர்' என்றுதான் மூலத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்தபின் அப்படி அச்சிட எனக்குக் கை வரவில்லை.

செவிலியர் எழுதியது:

'மூச்சு திரும்பாதவர்' என்று போடுங்கள். அந்த நிமிடத்தில் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இறந்தவர் என்று சொல்லவேண்டியது டாக்டர்.

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

கொழித்தலை நான் முன்வைத்திருக்கக் கூடாது. சிஸ்டர், வருந்துகிறேன்.

ஆனால் முன்னுரிமைப் பார்வைக்கு எனக்கு மறுப்பு இருக்கிறது. முதற்பார்வை, முன்னுரிமைப் பார்வை இரண்டும் மு என்று தொடங்கிப் பார்வை என்று முடிகின்றன. ஒன்று ஓர் ஆளுக்குள் எது முதலில் என்று பார்ப்பது. மற்றது ஆட்களுக்குள் யார் முதலில் என்று பார்ப்பது. கூச்சலுக்கு நடுவே 'முதற்பார்வை பார்' என்ற கட்டளையை ஒருவர் மற்றதாகக் கேட்டால், பத்துப் பேர் காத்துக்கிடக்க அவர் ஒருவரிடமே உட்கார்ந்துவிடுவார். அடுத்த பதிப்புக்கு முன் வகுப்பில் இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்து, எத்தனை பேர் மாற்றிக் கேட்கிறார்கள் என்று எழுதிவையுங்கள். அதுவரை முந்துமுறையை இந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம்.

செவிலியர் எழுதியது:

திங்கட்கிழமை புது அணி வருகிறது. சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், தம்பி.